ஓடும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்

பட்டறைக்குப் பம்ப் ஷாஃப்ட் கடைய வரும் தம்பி ஒருவன் போன மாதம் டீ குடித்துக்கொண்டே கேட்டான்: "ஏனுங்ணா, க்ரூஸர் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். பெருசா, பவரா. எதைப் பாக்கட்டும்?" இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவன். இப்போது கையில் இருப்பது கேடிஎம் 390 டியூக். லடாக் வரை போய் வந்திருக்கிறான். வீட்டு கேட்டுக்கு முன்னால் இருக்கும் சறுக்கை டேப் வைத்து அளந்துகொண்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான்.

கிண்டல் இல்லை. க்ரூஸர் என்றால் தாழ்ந்த சீட், முன்னால் நீட்டிய கால், கனத்த உடம்பு என்று நெடுந்தூரம் போகச் செய்த வண்டி. அதைப் பற்றி அன்றைக்குச் சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். புதிதாக வண்டி பழகுகிறவர்களுக்கு இது உதவாது. பத்துப் பதினைந்து வருடம் ஓட்டி, கைகால் தேறி, இனிமேல் பெரிய வண்டிதான் என்று முடிவு செய்தவர்களுக்கு.

எனக்கு 53 வயது. கோயமுத்தூரில் சின்ன லேத் பட்டறை. அப்பாவின் யெஸ்டி ரோடுகிங்கில் பழகி, ஆர்எக்ஸ் 100-இல் விழுந்து எழுந்து, வலது காலில் கியர் இருந்த பழைய புல்லட்டைப் பதினோரு வருடம் ஓட்டி, தண்டர்பேர்டு 500-க்கு மாறியவன். 2019-இல் செகண்ட் ஹாண்டில் ஒரு பெரிய வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள எஞ்சின்) க்ரூஸர் வாங்கினேன். பதினான்கே மாதத்தில் விற்றேன். 2023-இலிருந்து சூப்பர் மீட்டியார் 650. ஒரு முறை தப்பாக வாங்கியும் ஒரு முறை சரியாக வாங்கியும் பார்த்தாயிற்று. தப்பாக வாங்கியபோது என்னிடம் அனுபவம் குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. முப்பது வருட அனுபவம் இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது.

நம் அனுபவம் முழுக்க ஓடுகிற வண்டியில் சேர்த்தது. க்ரூஸர் நம்மைச் சோதிப்பது நிற்கும்போது, நகரும்போது, திருப்பும்போது. வேகம் நாற்பதைத் தாண்டிவிட்டால் 300 கிலோ வண்டியும் சைக்கிள் மாதிரிதான் போகும். ஷோரூம்காரர் டெஸ்ட் ரைடு தரும்போது நேர் ரோட்டில்தான் அனுப்புவார். திரும்பி வரும்போது நம் வாயெல்லாம் பல்.

அந்த வி-ட்வின் வந்து மூன்றாவது வாரம். சூலூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கும் இடத்துக்கு ஒதுக்கினேன். லேசான சரிவு, தரையில் மணல். நின்று இடது காலை ஊன்றினேன். பூட்ஸ் நாலு அங்குலம் வழுக்கியது. அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கம் என்ன சொல்லும்? காலால் தாங்கு என்று சொல்லும். யெஸ்டியைத் தாங்கிய கால், புல்லட்டைத் தாங்கிய கால். தாங்கினேன். வண்டி யோசிக்கவே இல்லை. லாடம் கட்ட மாட்டைப் படுக்க வைப்பது போல மெதுவாக, மரியாதையாகச் சாய்ந்து படுத்தது. வேகம் பூஜ்யம். வண்டிக்குக் க்ளட்ச் லிவர் ஒன்று போனது. எனக்கு மூன்று வாரம் முழங்கால் கட்டு. பங்க் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதில் ஒருவன், "இதை எதுக்குங்க வாங்குனீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 300 கிலோ வண்டி, எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரில் ஏறக்குறைய 30 கிலோ பிடிக்க வேண்டும். 20 டிகிரி சாய்ந்தால் கிட்டத்தட்ட 60. டயரின் அகலம் கொஞ்சம் கைகொடுக்கும், இருந்தாலும் கணக்கு இந்த அளவில்தான் வரும். 10-இலிருந்து 20-க்குப் போக ஒரு நொடி போதும். ஆக, பெரிய வண்டியில் சாய்வு ஆரம்பிக்கும் முன்பே பிடித்தால் உண்டு. ஆரம்பித்துவிட்டால் காலை எடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

படுத்த வண்டியை எப்படித் தூக்குவது என்பதை வாங்கும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து, முடிந்தால் முதல் கியரில் போடுங்கள், உருளாது. வலது பக்கம் படுத்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலில் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வண்டி அந்தப் பக்கம் படுக்கும். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கத்தைச் சீட்டில் அண்டக் கொடுத்து உட்காருங்கள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்னால் கிடைக்கும் கம்பியில். முதுகை நிமிர்த்தி, தொடையின் பலத்தில் பின்னால் பின்னால் அடி வையுங்கள். குனிந்து கையால் தூக்கப் போனால் வண்டியும் எழாது, முதுகும் எழாது.

எடையும் உயரமும்

சரி, எடை எவ்வளவு இருக்கலாம்? கேட்லாக்கில் பார்க்கும்போது அது எந்த எடை என்று கவனியுங்கள். பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றி நிற்கும் எடைதான் கெர்ப் எடை. சில கம்பெனிகள் பெட்ரோல் இல்லாத எடையைப் போடும். டுகாட்டி டயாவெல் வி4-க்கு 223 கிலோ என்று போட்டிருப்பது பெட்ரோல் இல்லாமல். அதன் டேங்க் 20 லிட்டர், நிரப்பினால் இன்னும் 15 கிலோ ஏறும். என் சூப்பர் மீட்டியார் எல்லாம் சேர்த்து 241 கிலோ. கவாஸாகி வல்கன் எஸ் 235. ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் எஸ் 1252 சி.சி.யாக இருந்தும் 228. ட்ரையம்ஃப் ராக்கெட் 3 300-ஐத் தாண்டும். அது 2458 சி.சி., பெரிய கம்பெனிகள் செய்யும் மோட்டார் சைக்கிள்களிலேயே பெரிய எஞ்சின்.

என் கட்சி இதுதான்: இது உங்கள் முதல் க்ரூஸர் என்றால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், 250 கிலோவுக்குள் நில்லுங்கள். 390 டியூக் 168 கிலோ. அங்கிருந்து 241 என்பதே 73 கிலோ ஏற்றம். ஒரு ஆளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி.

சீட் உயரத்தில் இன்னொரு கண்கட்டு உண்டு. வல்கன் எஸ் 705 மி.மீ., சூப்பர் மீட்டியார் 740, ஸ்போர்ட்ஸ்டர் எஸ் 755. எல்லாமே டியூக்கின் 820-ஐ விடத் தாழ்வு. ஆனால் க்ரூஸரில் சீட் அகலம். அகலம் காலை வெளியே தள்ளும், எட்டுவதைக் குறைக்கும். அதனால் எண்ணை நம்பாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதமும் குதிகால் வரை படிய வேண்டும். படிந்த பிறகும் முழங்காலில் லேசான மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். நேராக நீட்டிய காலில் பலம் கிடையாது. மடிந்த காலால்தான் தள்ள முடியும். பார்க்கிங்கில் வண்டியை உட்கார்ந்தபடி பின்னுக்குத் தள்ளும்போது இது புரியும். ஷோரூமிலேயே நாலடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். டைல்ஸ் தரையில் திணறினால் உங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பவர் என்று எதைச் சொல்கிறோம்

தம்பி "பவரா வேணும்" என்றான் இல்லையா, அங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. அவன் டியூக் 46 பி.எஸ். (குதிரைத்திறன்). என் சூப்பர் மீட்டியார் 47. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான், அதிலும் அவன் வண்டி 70 கிலோ குறைவு. சிக்னலில் விட்டால் அவன்தான் முன்னால் போவான். ஆனால் டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசையைப் பாருங்கள்: டியூக்கில் 39 நியூட்டன் மீட்டர், இதில் 52.3. அதுவும் நிமிடத்துக்கு 5650 சுற்றிலேயே முழுசாக வந்துவிடும். 2500 சுற்றிலேயே அதில் பெரும் பங்கு கிடைத்துவிடும். லேத்காரன் பாஷையில் சொன்னால், சின்ன மோட்டாரை வேகமாகச் சுற்றியும் ஷாஃப்ட் கடையலாம், பெரிய மோட்டாரை மெதுவாகச் சுற்றியும் கடையலாம். வேலை ஒன்றுதான், சத்தமும் அலுப்பும் வேறு. நாலாவது கியரில் 50-இல் போய்க்கொண்டிருக்கிறோம், முன்னால் லாரி, முறுக்கினால் கியர் குறைக்காமலே கடக்க முடிகிறதா? க்ரூஸரில் நான் பவர் என்று தேடுவது அதைத்தான்.

அதற்காக ஹெச்.பி. வேண்டாம் என்று சொல்லவில்லை. வல்கன் எஸ் 61 பி.எஸ்., உச்சியில் இன்னும் சுறுசுறுப்பு, தண்ணீர் குளிர்விப்பும் உண்டு. ஆனால் அதன் எஞ்சினைச் சுற்றவிட்டால்தான் குஷி, கீழே கொஞ்சம் சோம்பல். 121 பி.எஸ்., 125 நியூட்டன் மீட்டர் என்று ஸ்போர்ட்ஸ்டர் எஸ் பக்கம் போனால் அது க்ரூஸர் சட்டை போட்ட வேறு பிராணி. ராக்கெட் 3-இன் புது ஸ்டார்ம் 182 பி.எஸ்., 225 நியூட்டன் மீட்டர். நம் ஊர் ரோட்டில் அதை எங்கே முறுக்குவது என்பது தனிப் பிரச்சினை.

ஒரு விஷயம் நம் நாட்டில் விசித்திரம். ஸ்ப்ளெண்டருக்கு வாங்கிய அதே கியர் வண்டி லைசென்ஸை வைத்துக்கொண்டு 2458 சி.சி. ராக்கெட்டை ஓட்டலாம், சட்டம் எதுவும் சொல்லாது. ஐரோப்பாவில் அப்படி இல்லை. நடுப்படி லைசென்ஸுக்கு 35 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 47 பி.எஸ்.தான் வரம்பு, படிப்படியாக ஏறுகிறவர்கள் அதில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகுதான் அடுத்த படி. ராயல் என்ஃபீல்டு 650 எல்லாமே அந்த வரம்பை ஒட்டி 47-இல் நிற்கின்றன. அங்கே சட்டம் ஏற்றிவிடும் படிகளை இங்கே நாமேதான் ஏறிக்கொள்ள வேண்டும். நான் 2019-இல் இரண்டு படி தாண்டிக் குதித்தேன், பங்க்கில் விழுந்தேன்.

வேகத்தடையும் இடுப்பும்

நம் ஊரில் க்ரூஸர் வாங்க நினைப்பவருக்கு முதல் எதிரி வேகத்தடை. வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்க்கிறோம். சூப்பர் மீட்டியார் 135 மி.மீ., வல்கன் 130, ஸ்போர்ட்ஸ்டர் எஸ் வெறும் 93. சாலை அளவுகளை வகுக்கும் இந்திய ரோடு காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. 93 மி.மீ. வண்டி இதில் இடிக்கும் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. சாக்பீஸ் எடுத்துப் பட்டறைத் தரையில் வரைந்து பார்த்தேன். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி. 17 மீட்டர் ஆர வளைவு அந்த இடைவெளிக்குள் எழும்பும் உயரம் 2 செ.மீ. கூட இல்லை! விதிப்படி போட்ட வேகத்தடையில் எந்தக் க்ரூஸரும் இடிக்காது.

ஆனால் விதிப்படி போட்டதை எங்கே பார்க்கிறோம்? ஊருக்குள் யாரோ அடிபட்டதும் மறுநாள் ராத்திரியோடு ராத்திரியாகக் கான்கிரீட் கொட்டி, ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி எழுப்பிவிடுகிறார்கள். அது முழுசாக இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வந்து நிற்கும். 15 செ.மீ. இருந்தால் என் வண்டியே உரசும். பின்னால் ஆள் இருந்தால் ஸ்பிரிங் இன்னும் இறங்கும், கண்டிப்பாக உரசும். உங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை அப்படி எத்தனை இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணுங்கள். என் வழியில் ஐந்து. ஒவ்வொன்றையும் குறுக்காகக் கடக்கப் பழகிவிட்டேன்.

அடுத்தது இடுப்பு. டியூக்கிலோ, ஹிமாலயனிலோ குழி வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்போம், காலே ஷாக் அப்சார்பர். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருக்கும், எழுந்து நிற்க முடியாது. அடி நேராக முதுகுத்தண்டுக்கு. சூப்பர் மீட்டியாரின் பின் ஷாக் 101 மி.மீ.தான் அசையும். மூட்டு, இடுப்பு வலி ஏற்கெனவே இருந்தால் ஃபுட்ரெஸ்ட் நடுவில் உள்ள வண்டியைப் பாருங்கள். அதே எஞ்சினில் ஷாட்கன் 650 அப்படித்தான்: கால் உடம்புக்குக் கீழே வரும், சீட் 795 மி.மீ., கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். வல்கனில் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று இடங்களில் மாற்றிப் பொருத்தலாம். குள்ளமானவர்களுக்கும் நெட்டையானவர்களுக்கும் அது வரப்பிரசாதம்.

டெஸ்ட் ரைடில் என்ன செய்வது

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். காலையில் போனால் எல்லா எஞ்சினும் குளிர்ச்சிதான். வி-ட்வினில் பின் சிலிண்டர் தொடைக்கு இடையில் வரும். சித்திரை வெயிலில் லட்சுமி மில்ஸ் சிக்னலில் நூறு நொடி நின்று பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் இரண்டு முறை சிக்னலிலேயே எஞ்சினை அணைத்திருக்கிறேன். பெரிய வண்டிகள் சிலவற்றில் நிற்கும்போது பின் சிலிண்டர் தானாக அணைந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு, இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஷோரூம்காரர் சொல்லும் நேர் ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள், அவர் திருப்திக்கு. அப்புறம் நம் சோதனை. அகலமில்லாத தெருவில் யூ-டர்ன். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. க்ளட்ச்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, கண்ணைத் தரையில் வைக்காமல் போக வேண்டிய இடத்தில் வைத்துத் திருப்புங்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. தொட்டால் படுத்துவிடும், அதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பும்போது வெளிப்பக்கக் கை சிரமமில்லாமல் எட்டுகிறதா, அதுவும் பாருங்கள். அகல ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது சொகுசு. திருப்பும்போது ஒரு கை விட்டுப்போகும்.

அடுத்து நடக்கிற வேகத்தில் முப்பது அடி நேராக, கால் ஊன்றாமல். அப்புறம் 40-இலிருந்து பிரேக். இங்கே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரர்கள் முன் பிரேக்கிலேயே எல்லாம் முடிப்பார்கள். க்ரூஸர் நீளம், தாழ்வு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் அவ்வளவாகச் சாயாது, பின் சக்கரத்தில் பிடிமானம் மிச்சம் இருக்கும். பின் பிரேக் இங்கே உண்மையிலேயே வேலை செய்யும். வலது காலில் கியர் வைத்துப் பதினோரு வருடம் ஓட்டிவிட்டு இடது கால் கியருக்கு மாறிய புதிதில், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தவன் நான். பழக்கம் காலில் இருக்கிறது, மண்டையில் இல்லை. புது வண்டியில் முதல் ஆயிரம் கிலோமீட்டர் காலுக்குப் பாடம் எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரம்மாவைக் கூட்டிப் போங்கள். இது விளையாட்டில்லை. க்ரூஸர் படங்களில் பின் சீட் ஒரு இட்லி அளவுதான் இருக்கும். வி-ட்வினில் என் மனைவி பல்லடம் வரைதான் பொறுத்தார். "ஏனுங்க, நீங்க முன்னாடி போங்க, நான் பஸ்ஸுல வந்துர்றேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் கஷ்டமாக இருந்தது. சூப்பர் மீட்டியாருக்கு டெஸ்ட் ரைடு போனபோது அவர்தான் பின்னால் உட்கார்ந்து, முதுகுச் சாய்மானம் வைத்தால் சரி என்று தீர்ப்புச் சொன்னார்.

மலையும் காற்றும்

ஆழியாறிலிருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு. க்ரூஸரில் போனால் ஒன்பதாவது வளைவுக்குள் ஒரு சத்தம் கேட்கும்: சர்ர்ர். ஃபுட்ரெஸ்ட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன போல்ட் தாரில் உரசுகிறது. பயப்பட வேண்டாம், அது அதற்காகத்தான் இருக்கிறது: இதற்கு மேல் சாய்க்காதே என்று மணி அடிக்கிறது. ஆனால் அந்த மணி உங்கள் டியூக்கில் நீங்கள் சாய்த்த அளவுக்கு வெகு முன்னாலேயே அடித்துவிடும். அனுபவசாலி வளைவுக்குள் நுழைந்த பிறகு இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வேகமாக வருவான். க்ரூஸரில் அந்த "இன்னும் கொஞ்சம்" கிடையாது. மெதுவாக நுழைந்து, வெளியேறும்போது டார்க்கை வைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் ஷாக் ப்ரீலோடை, அதாவது பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஏற்றிவிடுங்கள். சூப்பர் மீட்டியாரில் ஐந்து நிலை உண்டு; இரண்டு நிலை ஏற்றினாலே உரசல் குறையும்.

காற்றைப் பற்றிப் பெரிய ஊர்க்காரர்கள் எழுதுவதில்லை, பாலக்காட்டுக் கணவாய் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அது பெரிய விஷயம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பல்லடம், உடுமலை ரோட்டில் பழமொழி இல்லை, செய்தி. காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டார்கள்? எடை உள்ள வண்டி காற்றில் நிதானமாக நிற்கும், அது க்ரூஸரின் நல்ல குணம். ஆனால் உயரமான கண்ணாடி விண்ட்ஸ்கிரீன் மாட்டினால் பாய்மரம் ஆகிவிடும். ஷோரூமில் அக்ஸஸரி பட்டியலோடு வருவார்கள். முதல் நாளே எதுவும் வாங்காதீர்கள், வண்டி படுத்தால் காலைக் காக்கும் கால் கம்பி (லெக் கார்டு) மட்டும் மாட்டுங்கள். ஒரு ஆடி ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசு

2025 செப்டம்பர் 22-இலிருந்து 350 சி.சி. வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. முன்பு செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். எக்ஸ்-ஷோரூம் விலையைப் பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள், ஆன்-ரோடு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், ஸ்பேர். அந்த வி-ட்வினில் ஒரு சென்சார் போய் 41 நாள் வண்டி சர்வீஸ் சென்டரில் நின்றது. என் பட்டறையில் எதை வேண்டுமானாலும் கடைந்துகொள்வேன், சென்சாரைக் கடைய முடியாதே. புக் செய்யும் முன் ஷோரூமில் மூன்று கேள்வி கேளுங்கள்: க்ளட்ச் கேபிள், முன் பிரேக் பேட், பின் டயர் இப்போது இருப்பில் இருக்கிறதா? "வரவழைச்சுத் தர்றோம் சார்" என்பது பதில் இல்லை. அப்படியே சர்வீஸ் பக்கம் போய், வாசலில் நிற்கும் அதே மாடல்காரரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்று விசாரியுங்கள். சேல்ஸ்காரர் சொல்லாததை அவர் சொல்வார்.

செயினா, பெல்ட்டா, ஷாஃப்டா என்பதையும் பாருங்கள். பெரிய ஹார்லிகள் பெல்ட்: எண்ணெய் போட வேண்டாம், சத்தமில்லை, ஆனால் கல் சிக்கினால் கிழியும், விலையும் கடிக்கும். ராக்கெட் 3 ஷாஃப்ட். என்னுடையது செயின். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் அடிக்கச் சோம்பல் படாதவர்களுக்குச் செயினே போதும்.

செகண்ட் ஹாண்டில் வாங்குவதானால் பெரிய க்ரூஸர்கள் குறைந்த கிலோமீட்டரில் நிறைய வரும். ஐந்து வருடத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர். அது நல்ல செய்தி என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். ஓடாமல் நின்ற வண்டிக்கு அதன் நோய்கள் உண்டு. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கால் கம்பியின் அடிப்பக்கம், ஹேண்டில்பார் முனை, சைலன்ஸரின் கீழ்ப்புறம், மூன்றிலும் கீறல் இருந்தால் வண்டி எங்கோ படுத்திருக்கிறது. படுத்த வண்டி கெட்ட வண்டி என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் விலையில் பேசலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது காட்டினால் வாங்காதீர்கள். மறுநாள் காலை வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்கத்தான்.

குள்ளமானவர்கள், எடை குறைந்தவர்கள், பெண்கள் யாராவது கேட்டால் நான் ஹோண்டா ரெபெல் 500-ஐயும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்வேன். 471 சி.சி., 191 கிலோ, சீட் 690 மி.மீ. எல்லா ஊரிலும் கிடைக்காது, அதுதான் குறை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான், சட்டைப்பையில் மடித்த காகிதத்தோடு. அவன் வீட்டு கேட் சறுக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம். மேலே போய்ச் சட்டென்று சமதளமாக முடிகிறது. அந்த முனையில்தான் வண்டியின் வயிறு தட்டும். சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்தோம். 135 மி.மீ. வண்டியும் ஏறாது. "அப்ப ஆசையை விட்டுரட்டுங்களாண்ணா?" என்றான். சறுக்கை ஒன்பதடியாக நீட்டினால் தட்டாது, ஆனால் அதற்குச் சாக்கடை மூடிக்கு மேலே போக வேண்டும். கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமை வருகிறாராம்.